குடியிருக்க லாயக்கற்ற தெரு

'மேற்படி தெரு மனிதர் குடியிருக்கச் சற்றும் லாயக்கற்றது' என்று எழுதியது நான்தான். வேறு யார் தலையிலும் அதைப் போட முடியாது. என் கையெழுத்து, என் வாசகம். எழுதி முடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்தும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்தத் தெருவில் இருபது வீடு இருக்கும். டவுனுக்குத் தெற்கு ஓரத்தில், சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் பின்வேலிக்கும் ஒரு கண்மாய்க்கரைக்கும் நடுவில், ஒரு வண்டித்தடத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தன. பாதி கீற்று, பாதி நாட்டு ஓடு. நிலம் அரண்மனை நிலம். அரண்மனையில் குதிரைக்குப் புல் போட்டவர்கள், வண்டி ஓட்டியவர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் எல்லாரும் யாரோ ஒரு ராஜா எப்போதோ 'இருந்துக்கங்க' என்று சொன்ன வாய்ச்சொல்லை நம்பிக் குடியேறியவர்கள். பட்டா கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. என் மாமனார் குதிரை பார்த்தவர். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம்தான் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்தது. குதிரையும் போயிற்று, சம்பளமும் போயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு ஜோடி மாட்டையும் ஒரு கட்டை வண்டியையும் வைத்துக்கொண்டு, நார்த்தாமலைப் பக்கம் போய்ச் செம்புறாங்கல் ஏற்றிவந்து டவுனில் வீடு கட்டுகிறவர்களுக்குப் போட ஆரம்பித்தார்.

எனக்கு எப்படி மனு எழுத வந்தது என்று கேட்பீர்கள். என் அப்பா சமஸ்தானத்துக் கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு. மை கரைத்துக் கொடுத்து, நகல் எடுத்துக் கொடுத்து எனக்கும் அந்த பாஷை ஒட்டிக்கொண்டது. அது தனி பாஷை. ஒரு ஆட்டைக் களவு கொடுத்தவன் 'என் குடும்பமே நடுத்தெருவில் நிற்கிறது' என்றுதான் எழுத வேண்டும். கூரை ஒழுகினால் 'மழைக்கும் எங்கள் படுக்கைக்கும் இடையே யாதொரு தடையுமில்லை' என்று எழுத வேண்டும். ஏனென்றால் உள்ளே உட்கார்ந்து படிக்கிற குமாஸ்தாவும் அதே ஊர்க்காரன். பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படிப்பான். 'உள்ளதை உள்ளபடி எழுதினா பாதிதான் போய்ச் சேரும், அதனால ரெண்டு பங்கா எழுது' என்பார் அப்பா. கொடுப்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது எங்கள் சீமையில் பழமொழியில்லை, ஆபீஸ் நடைமுறை.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை விட்டுவிட்டு இதில் சொல்ல எதுவும் இல்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை. இரண்டு வயதில் மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று, இடது காலும் கூடவே போயிற்று. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். காலை உதறிவிடு உதறிவிடு என்று நான் கத்துவேன், அது என்ன கேட்குமா? துணி மாதிரி தொங்கும். நாலு வயதில் அவள் அப்பா ஒரு வேப்பங்கம்பைச் சீவி, கக்கத்தில் இடுக்குகிற மாதிரி மேலே ஒரு குறுக்குக்கட்டை வைத்துக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் தட்டித் தட்டி நடந்தாள். வாசல் தாண்டி நடந்தாள். வண்டித்தடத்தைத் தாண்டினால் பள்ளிக்கூட வேலியில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகப் போனால் ஒன்றாம் வகுப்புக் கொட்டகை. என் வீட்டு வாசலிலிருந்து நாற்பது எட்டு. நான் எண்ணியிருக்கிறேன்.

சேர்க்கப் போன அன்றைக்கு, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார் பெரிய வாத்தியார். ஐந்து வயது ஆயிற்றா என்று பார்ப்பதற்கு. அவள் கம்பைக் கீழே போட்டுவிட்டு, என் இடுப்பில் சாய்ந்துகொண்டு, தொட்டுவிட்டாள். தொட்டதோடு விடாமல் காதைத் திருகிக் காட்டினாள். பெரிய வாத்தியார் சிரித்துவிட்டார்.

"காலு இப்படி இருக்கேம்மா, தெனமும் எப்படி வரும்?"

"வேலிக்கு அங்கிட்டுதாங்க வீடு. ஒண்ணுக்கு வந்தாக்கூட ஒரு கொரல் குடுத்தா நான் வந்து தூக்கிட்டுப் போயிருவேன்."

"பக்கத்து வீடா? அப்பச் சரி."

பக்கத்து வீடு. அந்த ஒரு தகுதியில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் வண்டி இல்லாமல், ஆள் துணை இல்லாமல், தன் காலால் ஓர் இடத்துக்குப் போய்வருகிற பாக்கியம் அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அந்த நாற்பது எட்டு போனால் எல்லாம் போயிற்று. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துமா இப்படிச் செய்தேன்!

படிப்பில் கெட்டி. இரண்டாம் வகுப்பிலேயே கடைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். புளி வந்த காகிதத்தைக்கூடக் கசக்க விடமாட்டாள். 'ஆத்தா, இது பாதியில நிக்குது, மீதி எந்தக் கடையில இருக்கும்?' என்பாள். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தச் சமயத்தில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடங்களைச் சீர்செய்கிற வேகம் வந்திருந்தது. சர்க்கார் கொஞ்சம் கொடுக்கும், மீதியை ஊர் கொடுக்க வேண்டும். கடைக்காரர்கள் நாற்காலி, கடிகாரம், கரும்பலகை என்று கொடுத்தார்கள். எங்கள் தெருவில் கொடுக்க என்ன இருக்கிறது? உடம்பு இருக்கிறது. ஆம்பளைகள் கடைக்கால் தோண்டினார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் கண்மாயிலிருந்து மணல் சுமந்தோம். என் வீட்டுக்காரர் வாரம் ஒரு நாள் கூலி வாங்காமல் கல் கொண்டுவந்து இறக்கினார். அவர் அதிகம் பேசாத மனுஷன். கல்லை இறக்கிவிட்டு, அது எந்தச் சுவருக்குப் போகிறது என்று மட்டும் நின்று பார்த்துவிட்டு வருவார். 'ரெண்டாம் கிளாசுக்கு வடக்குச் செவரு நம்ம கல்லு' என்று மகளிடம் சொல்வார்.

கட்டடம் பாதி எழும்பியபோது பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூடம் மட்டும் புதுசாகி, சுற்றிலும் சேறும் சாக்கடையுமாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும், தெருவுக்கு ரோடு, சாக்கடை, விளக்கு கேட்டு ஆபீசுக்கு ஒரு மனு போடுங்கள், குடியிருக்கிறவர்களே கேட்டால் எடுபடும் என்றார். நல்ல மனுஷன். நல்லதுக்குத்தான் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா செத்த பிறகு நான் மனு எழுதவே இல்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். எங்கள் குடிசைகள் குடிசைகள் அல்ல, பன்றியும் நுழையக் கூசும் பொந்துகள். எங்கள் தெரு தெருவன்று, மழைக்காலத்தில் நரகல் மிதக்கும் வாய்க்கால். நோய்கள் எங்களிடம்தான் பிறந்து டவுனுக்குள் போகின்றன. மேற்படி தெரு மனிதர் குடியிருக்கச் சற்றும் லாயக்கற்றது. கடைசியில், அதிகாரி கண்ணில் தண்ணீர் வர ஒன்று வேண்டுமே என்று என் மகளையும் இழுத்துப் போட்டேன். 'கால் ஊனமுற்ற பெண்குழந்தை ஒன்று தினந்தோறும் இந்தச் சேற்றில் தவழ்ந்து சென்று கல்வி பயிலும் பரிதாபம்' என்று.

சாயங்காலம் தெருவைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டினேன். பாதிப்பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல் தச்சர் ஒருத்தர், "ஏத்தா, இம்புட்டு கேவலமாவா இருக்கோம்? எனக்கே எம்மேல எரக்கமா வருதே" என்றார். எல்லாரும் சிரித்தோம். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் விதவை. தனியாக இருந்தாள். தெருவிலேயே அவள் வீடுதான் பளிச்சென்று இருக்கும். வாரத்துக்கு இரண்டு தரம் சாணி போட்டு மெழுகி, சுவருக்கு வெள்ளையடித்து, காவிப்பட்டை தீட்டி வைத்திருப்பாள்.

"எவ வீட்டுல பன்னி நொழையக் கூசுது?" என்றாள். "எம் வீடு நாறுதுன்னு நானே எதுக்குத் தாயி கைநாட்டு வைக்கணும்?"

"மனுன்னா அப்படித்தான்க்கா. ஒனக்கு வெவரம் தெரியாது."

"வெவரம் தெரியாமக் கெடக்கட்டும். நம்ம வாயால நம்ம வீட்ட நாத்தம்னு சொன்னா, நாளைக்கு அடுத்தவன் சொல்றப்ப என்னத்தச் சொல்லி மறுப்ப?"

"அதெல்லாம் பாதியத் தள்ளிட்டுப் படிப்பாங்க, நீ வையி" என்று நான்தான் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்தேன். என் வாய்க்கொழுப்பு. அந்த விரல் என் கைக்குள் முரண்டு பிடித்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

என் மகள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு, "நான் எங்கத்தா தவழ்ந்தேன்? கம்பு வச்சுல நடக்குறேன்" என்றாள். சும்மா கிட என்று சொல்லிவிட்டேன்.

மறு வருஷம் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சொல்லக்கூடாது, அத்தனை அழகு. சீமை ஓடு, சிமெண்டுத் தரை, ஆள் உயரத்துக்குச் சன்னல், ஒவ்வொரு வகுப்பிலும் பெஞ்சு, சுவரில் தேசப்படம். மதியம் சோறு போட ஒரு தனிக் கொட்டகை. என் மகள் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மண் தரையில் அவள் கம்பு குத்தி இறங்கும், இங்கே நின்றது. அன்று அவள் வகுப்பு முழுக்க ஓடினாள். ஆமாம், ஓட்டம் என்றுதான் சொல்வேன். என் வீட்டுக்காரர் வடக்குச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். நாங்கள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு வருஷம்தான்.

டவுன்காரர்கள் பார்வை எங்கள் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகு. முன்பெல்லாம் வக்கீல் வீட்டுப் பிள்ளையும் ஆபீசர் வீட்டுப் பிள்ளையும் அங்கே படிக்க வந்தது கிடையாது. இப்போது ஜட்காவில் வந்து இறங்கின. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தார் ரோடு வந்தது. விளக்குக்கம்பம் வந்தது. ஒருநாள் எங்கள் தெருவுக்கும் ஆள் வந்தார்கள். சாக்கடை வெட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்வேயர், சங்கிலி பிடிக்க இரண்டு ஆள். மோரைக் குடித்துவிட்டு, என் வீட்டுக்குள்ளே சங்கிலியை இழுத்து, அடுப்பங்கரைச் சுவரில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. தெருவில் வாசிக்கத் தெரிந்தவள் நான்தானே, என்னிடமே கொடுத்தார்கள். எல்லாரும் சுற்றி நிற்க நான் வாசித்தேன். மேற்படி இடம் சர்க்கார் புறம்போக்கு என்றும், அது மனிதர் குடியிருக்கச் சற்றும் லாயக்கற்றது என்று குடியிருப்பவர்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதாகவும், பள்ளிப் பிள்ளைகளின் சுகாதாரத்தை உத்தேசித்தும், விளையாட்டு மைதானத்துக்காகவும் குடிசைகள் அகற்றப்படும் என்றும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் குளத்தூர் ரோட்டுப் பொட்டலில் மாற்று இடம் அளிக்கப்படும் என்றும் இருந்தது.

அந்த வரி வந்ததும் திரும்ப ஒரு தரம் வாசித்தேன். 'சற்றும்' என்கிற சொல்லைக்கூட அவர்கள் விடவில்லை. யாருக்கும் முதலில் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் புரிந்தது. தன் பெருவிரலைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே ஆபீசுக்குப் போனேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சின்ன வயசுக் குமாஸ்தா இருந்தார். மரியாதையாகப் பேசினார். பைலை எடுத்து விரித்தார். என் மனு உள்ளே இருந்தது. எந்த எந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நீங்களே எழுதிக் குடுத்ததுதானேம்மா?"

"ஆமாங்க. ஆனா அது மனுவுக்கு எழுதுறதுங்க."

"மனுவுக்கு எழுதுறதுன்னா?"

"கூட்டி எழுதுறதுங்க. இங்க பாதியத் தள்ளிட்டுப் படிப்பாங்க. சமஸ்தானத்துல அப்படித்தான் வழக்கம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "அப்ப இதுல இருக்கிறது பொய்யா? இருபது பேர் பொய்யின்னு தெரிஞ்சேவா கைரேகை வச்சாங்க?"

பொய் என்றால் இருபது பேரையும் பொய்க் கையெழுத்துக்காரர்கள் ஆக்க வேண்டும். மெய் என்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஊரையே கெடுத்தேன்.

விடாமல் அங்கேயே ஒரு காகிதம் வாங்கி, சுவரோரம் உட்கார்ந்து இன்னொரு மனு எழுதினேன். எங்கள் தெரு நல்ல தெரு, வீடுகள் துப்புரவானவை, சாணி மெழுகியவை, நோய்நொடி கிடையாது, பள்ளிக்கூடம் கட்ட மணல் சுமந்தோம், கல் அடித்தோம், என் மகளுக்கு அந்தத் தூரம் மட்டுமே நடக்க முடியும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். வாழ்நாளில் முதல்முறையாக அப்படி எழுதினேன். குமாஸ்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அம்மா, ரெண்டுலயும் ஒங்க கையெழுத்துதான் இருக்கு. இதுல புள்ள தவழுதுங்கறீங்க, அதுல நடக்குதுங்கறீங்க. நான் மேல அனுப்பறேன். ஆனா எதை நம்புவாங்கன்னு நெனைக்கிறீங்க?"

மேலே அனுப்பினார். பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் என்னோடு யாரும் பேசவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிணற்றடிக்கு நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கல் தச்சர் ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் மட்டும், "ஒம் பொண்டாட்டி படிக்காதவளா இருந்திருந்தா நாம வீட்டுல இருந்திருப்போம்" என்று சொன்னாராம். இவர் வந்து என்னிடம் சொன்னார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். "என்னத்தச் சொல்றது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு உலையைக் கவிழ்த்தேன். யார்மேல் ஆத்திரம் என்று எனக்கே தெரியாது.

வீட்டைப் பிரித்த அன்று போலீஸ் எல்லாம் வரவில்லை. அவரவரே பிரித்தார்கள். ஓட்டையும் வாரிக்கட்டையையும் விட்டுவிட்டுப் போக முடியுமா? என் வீட்டுக்காரர் வண்டியில்தான் எல்லார் சாமானும் போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா தன் சாமானை எங்கள் வண்டியில் ஏற்றவில்லை. தலைச்சுமையாகவே மூன்று நாளில் எட்டு நடை நடந்தாள். புதிய இடத்தில் அவளுக்கு ஒரு மழைக்காலம்தான். நெஞ்சுச்சளி என்றார்கள். நான் எட்டிப் பார்க்கப் போனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பொட்டல் என்றால் பொட்டல்தான். கருவேல முள்ளும் சுக்கான் மண்ணும். தண்ணீருக்கு அரை மைல். பள்ளிக்கூடத்துக்கு இரண்டரை மைல். இங்கேயும் ஒரு பள்ளிக்கூடம் வரும் என்றார்கள். வந்தது, என் மகளுக்குத் தாவணி போட்ட பிறகு.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. வண்டி கோழி கூப்பிடக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்பும். வண்டியை நிறுத்தினால் சோறு இல்லை. பஸ் அந்தப் பக்கமே கிடையாது. விடுவேனா? நான் கெடுத்தது, நான்தானே சுமக்க வேண்டும். தினமும் அவளை இடுப்பில் வைத்து, அவள் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை சூம்பின காலோடு இருந்தாலும் கனம் கனம்தான். மாற்றி மாற்றி வைத்துக்கொள்வேன். நாலு இடத்தில் இறக்கி மூச்சு வாங்குவேன். ரோட்டில் போகிறவர்கள், 'இம்புட்டுப் பெரிய புள்ளைய இடுப்புல வச்சிருக்கியே' என்பார்கள். அவள் என் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள். மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் வெளியே நிற்க வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

கொண்டுபோய் விட்டால் திரும்பி வந்துவிட்டு மறுபடி போக எனக்குத் தெம்பு கிடையாது. சாயங்காலம் வரை அங்கேயே இருப்பேன். எங்கே இருப்பது? வேலி போய் இப்போது காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது. எங்கள் தெரு இருந்த இடத்தில் முன்பாதி மைதானம், பின்பாதியில் வரிசையாகப் புது வீடுகள். நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று உத்தியோகஸ்தர்கள் கேட்டு வாங்கிக் கட்டினார்கள். எங்களுக்கு வராத சாக்கடை, குழாய், விளக்கு எல்லாம் அவர்களுக்கு வந்திருந்தது. டவுன்காரர்கள் அந்தப் பக்கம் போனால், 'அட, எப்படிக் கெடந்த எடம், எப்படி ஆயிப்போச்சு!' என்பார்கள். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நான் சுவர் நிழலில், பழைய வண்டித்தடம் இருந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். எதிரே என் அடுப்பங்கரை இருந்த இடத்தில் ஒரு வீட்டுப் படிக்கட்டு.

இப்படி ஏழெட்டு மாதம். ஒரு நாள் அந்தப் படிக்கட்டு வீட்டிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தாள். நல்ல முகம். "தெனமும் பாக்குறேன், இங்கயே ஒக்காந்திருக்கீங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய், ஒரு இலையில் பழைய சோறும் மாங்காய் ஊறுகாயும் வைத்துக் கொண்டுவந்தாள். என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டாள். அவள்மேல் குற்றமே இல்லை. கிழிந்த சேலை, ரோட்டோரம், பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிற பொம்பளையை வேறு என்னவென்று நினைப்பது?

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இது என் வீடு இருந்த இடம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சமஸ்தானத்து மனு எழுத்தாளர் மகள் என்று சொல்லியிருக்க வேண்டும். பசித்தது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து தின்றேன். விரலை நக்கிவிட்டு நிமிர்ந்தால், சுவருக்கு மேலே தெரிகிற நாலாம் வகுப்புச் சன்னலில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

மறுநாளும் தூக்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் அழைக்க உள்ளே போனேன். வகுப்பு வாத்தியார் ஒரு சர்டிபிகேட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மணமேல்குடியில சொந்தக்காரங்க வீட்டோட போய் இருக்கப் போறீங்களாமே? பள்ளிக்கூடம் வாசல்லயே இருக்குன்னு சொல்லுச்சு. நல்லதும்மா. அலைச்சல் இல்ல. பேர அடிச்சு, சர்டிபிகேட் எழுதியாச்சு."

எங்களுக்கு மணமேல்குடியில் யாரும் கிடையாது. அந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. என் மகளைப் பார்த்தேன். அவள் தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது நான் சொல்லப் போவதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. 'இல்லைங்க, பிள்ளை பொய் சொல்லுது, பேரை அடிக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் நல்லவர், கிழித்துப் போட்டிருப்பார். ஊர்த் துன்பத்தையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. என் இடுப்பு வலித்தது. நாளைக்குத் தூக்க வேண்டாம், நாளைக்கு அந்தச் சுவரோரம் உட்கார வேண்டாம் என்று உடம்புக்குள் ஒரு நிம்மதி இறங்கிற்று. பாவி, நிம்மதிதான் முதலில் வந்தது.

"ஆமாங்க" என்றேன். கையை நீட்டிச் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டேன்.

தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். டவுன் முடிகிற இடத்தில், "ஆத்தா, எறக்கி விடு. நான் நடந்தே வாரேன்" என்றாள்.

"ரொம்ப நேரம் ஆயிரும்டி."

"ஆகட்டும். இனிமே என்ன?"

இறக்கிவிட்டேன்.